பதுக்கல் வேறு, சேமிப்பு வேறு: கோடையில் குழந்தைகளுடன் கற்ற பாடம்

கோடை விடுமுறை வந்துவிட்டது. பெங்களூரில் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி மே இறுதி வரை பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பர். நீச்சல், ஓவியம், சதுரங்கம் எனப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்புவோர் உளர். ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் அனுப்புவோரும் உளர். ஆயினும் குழந்தைகள் மிகுதியாகக் கற்பது முகாம்களில் அன்று. காலைக் குளியல், நண்பகல் உணவு, மாலை நேரக் கடைத்தெரு, இரவுப் பேச்சு ஆகிய அன்றாட நிகழ்வுகளே அவர்களுக்குப் பெரும் பள்ளி. சேமிப்பு என்னும் பழக்கத்தையும் அவர்கள் அங்கேதான் கற்கின்றனர். சில வேளைகளில் நாம் கற்பிக்க எண்ணாததையும் கற்றுக்கொள்கின்றனர். அத்தகைய ஒரு பாடத்தையும், அதனை நாங்கள் திருத்திக்கொண்ட முறையையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கட்டிலுக்கு அடியில் ஏழு பாட்டில்கள்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைப் பெங்களூர் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்திருந்தது. மாநகரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. குடிநீரைக் கொண்டு வாகனங்களைக் கழுவுவதற்கும் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதற்கும் பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. காவிரி நீர்க்குழாய் எட்டாத புறநகர்ப் பகுதிகளே மிகுதியாகத் துன்புற்றன. கிருஷ்ணராஜபுரத்தை அடுத்துள்ள எங்கள் தெருவும் அவற்றுள் ஒன்று. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு பிப்ரவரி மாதத்திலேயே வற்றிவிட்டது. அதன்பின் தண்ணீர் லாரியை நம்பியே வாழ்ந்தோம்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நான்கு. கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த பாட்டியும் உடனிருந்தார். லாரிக்குத் தொலைபேசியில் சொல்வதும், அது வராதபோது எரிச்சலடைவதும், 'நாளைக்கு என்ன செய்வது?' என்று ஒருவரை ஒருவர் வினவுவதும் எங்கள் இருவரின் அன்றாட வழக்கமாயின. குழந்தைகள் அருகில் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் கேட்கிறார்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கும்போது மகளின் கட்டிலுக்கு அடியில் ஏழு பாட்டில்கள் அகப்பட்டன. ஏழிலும் தண்ணீர். சிலவற்றில் பாசி வாடை வீசியது. முதலில் எங்களுக்குச் சினம் வந்தது. அருகில் அமர்த்தி வினவியபோது அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "லாரி வரலைன்னா தம்பி என்ன குடிப்பான்? அதுக்குத்தான் எடுத்து வச்சேன்."

சினம் மறைந்தது, ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று அவளிடம் பலமுறை கூறியிருந்தோம். அவள் கற்றுக்கொண்டதோ சிக்கனம் அன்று, அச்சம். அச்சத்தால் எடுத்து மறைத்து வைப்பது பதுக்கல். அதில் அளவில்லை, கணக்கில்லை. எப்போது எடுத்துப் பயன்படுத்துவது என்ற முடிவும் இல்லை. ஆகவேதான் அந்த ஏழு பாட்டில் நீரும் எவருக்கும் பயன்படாமற் கெட்டது. சேமிப்பு என்பது இதற்கு மாறானது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தேவை, எதற்காக எடுத்து வைக்கிறோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்து செய்வது அது.

பணத்திற்கும் இஃது அப்படியே பொருந்தும். அலமாரியின் அடித்தட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ரூபாய் நோட்டுகள் பாசி பிடிப்பதில்லைதான். ஆனால் விலைவாசி உயர உயர அவற்றின் வாங்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. வீட்டில் பணத்தைப் பற்றிப் பதற்றத்துடன் மட்டுமே பேசப்படுமாயின், அதைக் கேட்டு வளரும் குழந்தை பிற்காலத்தில் பதுக்குபவனாகவோ, வெறுத்து வாரி இறைப்பவனாகவோ ஆகக்கூடும். அன்று முதல் எங்கள் வீட்டில் பேச்சை மாற்றினோம். பதற்றத்திற்குப் பதிலாகக் கணக்கைக் கொண்டு வந்தோம்.

அளந்தால் அச்சம் குறையும்

முதலில் செய்தது, இருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டியதே. நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு நீண்ட மூங்கில் கழியை இறக்கி, நீர் நனைத்த அளவைப் பார்க்கச் செய்தோம். தொட்டியின் கொள்ளளவு 12,000 லிட்டர். அஃதாவது ஒரு பெரிய லாரியின் நீர். மாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும். ஒரு நாள் காலையில் அதனை நிரப்பி மறுநாள் காலையில் பார்த்தபோது ஏறத்தாழ 100 லிட்டரே எஞ்சியிருந்தது. அப்படியாயின் நாளொன்றுக்கு 900 லிட்டர் செலவு. எங்கள் குளியலறை வாளி 15 லிட்டர் கொள்ளும். வகுத்துப் பார்த்த மகள், "அறுபது வாளியா!" என்று வியந்தாள். வீட்டில் ஐவர், தலைக்கு 180 லிட்டர். இந்திய நகரங்களுக்கான திட்டமிடலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. நீர்ப் பஞ்ச காலத்தில் நாங்கள் அதனையும் மிஞ்சியிருந்தோம்.

பின்னர் குறிக்கோள் ஒன்றை வகுத்தோம்: நாளொன்றுக்கு 40 வாளி, அஃதாவது 600 லிட்டர். தூவாலைக் குழாய்க் குளியலை நிறுத்தி அனைவரும் வாளிக் குளியலுக்கு மாறினோம். அரிசி களைந்த நீர் செடிகளுக்குச் சென்றது. துணி துவைத்த நீர் கழிவறைக்கும் முற்றம் கழுவவும் பயன்பட்டது. சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, அன்றன்றைய அளவை மகள் எழுதினாள். மகனுக்கு எண்கள் முழுமையாகத் தெரியாது. குறிக்கோளை எட்டிய நாள்களில் அவன் பச்சை வண்ணம் தீட்டினான்.

900 லிட்டர் செலவானால் ஒரு லாரி நீர் 13 நாள் வரும். 600 லிட்டர் எனில் 20 நாள் வரும். அந்த ஏழு நாள் வேறுபாடுதான் எங்கள் வீட்டின் அமைதி. லாரி ஒரு நாள் தாமதித்தாலும் இனிக் கவலையில்லை. கழியை இறக்கிப் பார்த்து, "இன்னும் ஒன்பது நாளைக்கு இருக்கு" என்று மகளே எங்களுக்குக் கூறத் தொடங்கினாள். அவள் கட்டிலுக்கு அடியில் அதன்பின் பாட்டில்கள் இல்லை. எட்டு வயதுக் குழந்தையின் அச்சத்தைப் போக்கியது எங்கள் ஆறுதல் மொழி அன்று. அவள் கையால் அவளே எடுத்த அளவு.

குடும்ப வரவு செலவுக்கும் இதுவே முதற்படி. மாத வருமானம் முழுவதையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் மளிகை, பால், மின்கட்டணம் ஆகியவற்றின் தொகையை அவர்கள் அறியலாம். 'பணம் இல்லை' என்று பொதுவாகக் கூறுவதைவிட, 'இம்மாதம் இதற்கென ஒதுக்கியது இவ்வளவு; அதில் இவ்வளவு மீதம் உள்ளது' என்று கூறுவது அவர்களுக்கு நன்கு விளங்குகிறது.

துளிக் கணக்கு

கொல்லைப்புறக் குழாய் ஒன்று நெடுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. 'இந்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு வந்தோம். ஒரு நண்பகல் மகள் அதன் கீழ் 200 மில்லி லிட்டர் தம்ளரை வைத்தாள். பத்து நிமிடத்தில் நிரம்பியது. பாட்டியும் பேத்தியும் திண்ணையில் அமர்ந்து கணக்கிட்டனர்: ஒரு மணி நேரத்திற்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். ஏறக்குறைய இரண்டு வாளி.

அடுத்து விலை. அந்த மார்ச் மாதத்தில் பெங்களூர் நகர மாவட்ட நிர்வாகம் தனியார் லாரித் தண்ணீருக்கு உச்ச விலை நிர்ணயித்தது; ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அவ்விலையில் ஒரு வாளி நீர் 1 ரூபாய் 25 காசு ஆகிறது. சொட்டும் குழாயால் நாளொன்றுக்கு 2 ரூபாய் 40 காசும், மாதத்திற்கு 72 ரூபாயும் மண்ணில் கலந்துகொண்டிருந்தன. மறுநாளே குழாயின் உள்வளையம் மாற்றப்பட்டது. நாங்கள் மூன்று மாதமாகச் செய்யாததை ஒரு தம்ளர் செய்வித்தது.

இதே கணக்கு பெரிய அளவிலும் உதவிற்று. நாளுக்கு 900 லிட்டர் எனில் மாதத்திற்கு 27,000 லிட்டர்; செலவு 2,250 ரூபாய். 600 லிட்டர் எனில் 18,000 லிட்டர். செலவு 1,500 ரூபாய். வேறுபாடு 750 ரூபாய். அந்தத் தொகையை மாதந்தோறும் தனியே எடுத்து வைத்தோம். மூன்று மாதத்தில் 2,250 ரூபாய் சேர்ந்தது. ஒரு மாதத் தண்ணீர்ச் செலவு முழுவதும் எங்களிடமே திரும்பி வந்தது.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். சிக்கனத்தால் மிஞ்சியதை உடனே எடுத்துத் தனியே வைத்தால்தான் அது சேமிப்பு ஆகும். பொதுச் செலவிலேயே விட்டுவிட்டால் வேறொரு குழாயின் வழியே அது சொட்டிப் போய்விடும். தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் குறித்த நாளில் தொகை தானாகவே மாற்றப்படும் ஏற்பாடு இதற்காகவே உள்ளது.

பழுக்கும் வரை காத்திருத்தல்

மே மாதத்தில் பாட்டியின் ஊரிலிருந்து ஒரு கூடை மாங்காய் வந்தது. அவற்றுள் நீண்டு வளைந்து மூக்குடன் காணப்படும் கிளிமூக்கு மாங்காய் மிகுதி. கிருஷ்ணகிரிப் பகுதியில் அதற்குப் 'பெங்களூரா' என்று பெயர். தம் ஊரின் பெயர் ஒரு மாங்காய்க்கு இருப்பது கண்டு குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

பாட்டி ஒரு மரப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, காய்களை அடுக்கி, மேலும் வைக்கோலிட்டு மூடினார். "நாலு நாள் யாரும் தொடக் கூடாது" என்றார். மகனால் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் நாளே ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தான், கடித்தும் பார்த்தான். புளித்தது. கடித்த காய் பழுக்காமற் கெட்டது. பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கெட்ட காயை அவனிடமே காட்டினார். ஐந்தாம் நாள் மற்றக் காய்கள் மஞ்சள் நிறம் கொண்டு மணம் வீசியபோது, "இதை அப்பவே எடுத்திருந்தா?" என்று மட்டும் வினவினார்.

கடையில் ஒரே நாளில் பழம் கிடைக்கிறதே என்று மகள் கேட்டாள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்யும் வழக்கத்தைப் பற்றி விளக்கினோம். மேனி மஞ்சளாக இருக்கும், உள்ளே சுவை இராது, உடலுக்கும் கேடு. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடை செய்துள்ளன. 'சில மாதங்களில் உங்கள் பணம் இரட்டிப்பாகும்' என்று வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. வாடிக்கையாளர்கள் இதனை மனத்திற் கொள்ளல் நலம்.

வட்டி என்பதையும் பாட்டியின் மாந்தோப்பைக் கொண்டே விளக்கினோம். ஒட்டுக் கன்று நட்டு நான்கைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தால்தான் காய்ப்பு நிலைகொள்ளும். பணமும் அவ்வாறே. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டி எனக் கொள்வோம். முதலாண்டின் முடிவில் 106 ரூபாய். இரண்டாமாண்டின் முடிவில் 112 ரூபாய் அன்று. 112 ரூபாய் 36 காசு. அந்த 36 காசு எங்கிருந்து வந்தது? வட்டியாக வந்த ஆறு ரூபாயும் உழைத்து ஈட்டியது அது. தொடக்கத்தில் மிகச் சிறியது. எடுக்காமல் விட்டால் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 100 ரூபாய் 200 ரூபாய் ஆகிறது. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். வகுத்தல் கற்ற குழந்தைக்கு இஃது ஒரு நல்ல விளையாட்டு.

மழைக்கு முன் வைத்த பீப்பாய்

பெங்களூரின் கோடைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுத்த ஒரு நாளின் மாலையில் இடியுடன் மழை வந்து ஊரைக் குளிர்விக்கும். மாங்காய்ப் பருவத்தில் வருவதால் அதனை மாங்காய் மழை என்பர். 2024ஆம் ஆண்டு அந்த மழையும் தாமதித்தது. முதல் மழை வந்த மாலையில் குழந்தைகள் இருவரும் முற்றத்தில் ஆடித் தீர்த்தனர். நாங்களும் நனைந்தோம். மழை ஓய்ந்த பின்னர்தான், மாடி நீர் முழுவதும் தெருச் சாக்கடையில் ஓடிவிட்டதை உணர்ந்தோம். தண்ணீருக்காக இரண்டு மாதம் தவித்த நாங்கள், வந்த நீரைப் பிடிக்க ஒரு பாத்திரமும் வைத்திருக்கவில்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லி மீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். பெங்களூரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 970 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அத்தகைய மாடியில் விழுவது 97,000 லிட்டர். எட்டு பெரிய லாரிகளின் நீர். அந்த வாரமே மாடிக் குழாயை இரண்டு பீப்பாய்களுடன் இணைத்தோம். பின்னர் வடிகட்டியுடன் நிலத்தடித் தொட்டிக்கே கொண்டு சென்றோம்.

ஜெயநகரில் குடிநீர் வாரியம் அமைத்துள்ள சர் எம். விசுவேசுவரய்யா மழைநீர்ச் சேகரிப்புப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றோம். பல்வேறு சேகரிப்பு முறைகளை அங்கு மாதிரிகளாகக் காணலாம். பெங்களூரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2009ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயமாகும். திரும்பும் வழியில் மெஜஸ்டிக் பகுதியின் கெம்பேகவுடா பேருந்து நிலையத்தைக் காட்டினோம். இன்று பேருந்துகள் நிற்கும் அவ்விடம் முன்னொரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. "பஸ்ஸெல்லாம் ஏரிக்குள்ளயா நிக்குது?" என்றான் மகன். வந்த மழையை நிறுத்தி வைக்கும் அறிவு இந்நகருக்குப் புதிதன்று என்பதை விளக்க அந்த ஒரு வினா போதுமானதாயிற்று.

ஊக்கத்தொகை, நிலுவைச் சம்பளம், விழாக்காலத்தில் உறவினர் குழந்தைகளுக்குத் தரும் பணம் ஆகியவை குடும்பத்திற்கு வரும் கோடை மழை. வந்த பின் எங்கே வைப்பது என்று எண்ணினால் அது ஓடிவிடும். வருவதற்கு முன்பே பீப்பாயை வைத்துவிட வேண்டும்.

நூறு ரூபாயும் மூன்று விருப்பங்களும்

சேமிக்க மட்டும் கற்ற குழந்தை செலவிடத் தெரியாமல் வளர்தலும் குறையே. அடுத்த ஆண்டு, 2025 கோடையில், லால்பாக் மாம்பழக் கண்காட்சிக்குச் சென்றபோது இதனைக் கற்பிக்க முயன்றோம். உழவர்கள் தம் பழங்களைத் தாமே கொண்டுவந்து விற்கும் அக்கண்காட்சியில் பாதாமி, ரசபுரி, செந்தூரா, மல்லிகா எனப் பல வகைகளைக் காணலாம். குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் 100 ரூபாய் கொடுத்து, "இஃது உங்களுடையது, நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம், தீர்ந்தால் மீண்டும் தர மாட்டோம்" என்றோம்.

மகன் முதற்கணத்திலேயே 60 ரூபாய்க்கு ஒரு பெரிய பலூன் வாங்கினான். சில நிமிடங்களில் அது ஒரு முட்செடியில் பட்டு வெடித்தது. அவன் வாய்விட்டு அழுதான். வழிப்போக்கர்கள் எங்களைப் பார்த்தனர். எங்களில் ஒருவருடைய கை பணப்பையை நாடியது; மற்றவர் தடுத்தார். அத்தருணத்தை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வருத்தம் உண்டு. எனினும் அதுவரை அவன் இழந்த ஒவ்வொன்றையும் உடனுக்குடன் வாங்கித் தந்து, இழப்பு என்பதே இல்லை என அவனை நம்பச் செய்திருந்தோம். அன்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, அழுகை ஓயும் வரை லால்பாக் பாறையின் மேல் அமர்ந்திருந்தோம். புதிய பலூன் வாங்கவில்லை. எஞ்சிய 40 ரூபாயை வீடு வரும் வரை அவன் கையை விட்டு எடுக்கவில்லை.

மகள் சன்னபட்டண மரப் பம்பரம், குல்ஃபி, பாட்டிக்கு மாம்பழம் ஆகிய மூன்றையும் விரும்பினாள். மூன்றுக்கும் பணம் போதாது. அரை மணி நேரம் அங்கும் இங்கும் நடந்து விலை கேட்டாள். முடிவில் குல்ஃபியை விடுத்தாள். பிறகு தம்பியின் பம்பரமாகவும் அது இருக்கட்டும் என்று அவளே கூறினாள். எது வேண்டும் என்பதைவிட எதனை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதே அன்றைய பாடம். அதனை அவள் சார்பில் நாங்கள் முடிவு செய்திருந்தால் அவள் எதனையும் கற்றிருக்க மாட்டாள்.

உண்டியலிலிருந்து கணக்குக்கு

இவ்வாண்டு மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. தன் உண்டியலைத் திறந்து வங்கிக்கு வந்தாள். சிறார் கணக்குகள் பற்றிய திருத்தப்பட்ட வழிகாட்டுதல்களை இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டது. அதன்படி எந்த வயதுக் குழந்தைக்கும் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் வழியாகச் சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்கலாம்; தாயையும் காப்பாளராகக் கொள்ளலாம். பத்து வயதுக்குக் குறையாத சிறார், தாமே கணக்கு தொடங்கி இயக்கவும் வங்கிகள் அனுமதிக்கலாம். அதற்கான வயதும் தொகை வரம்பும் வசதிகளும் அந்தந்த வங்கியின் கொள்கையைப் பொறுத்தவை. இக்கணக்குகளில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க இயலாது. பதினெட்டு வயது நிறைந்ததும் புதிய மாதிரிக் கையொப்பம் பெறப்படும். விவரங்களைத் தங்கள் கிளையில் கேட்டறியலாம்.

படிவத்தில் தன் கையொப்பத்தை இட அவள் எடுத்துக்கொண்ட நேரம் சற்று மிகுதிதான். வரிசையில் நின்ற எவரும் முகம் சுளிக்கவில்லை.

இக்கோடையில் செய்து பார்க்க

1. வீட்டில் ஒரு நாளைய நீர்ச் செலவை வாளிக் கணக்கில் குழந்தைகளை அளக்கச் செய்யுங்கள். ஒரு வாரத்திற்கு நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள்.

2. சொட்டும் குழாய், அணைக்கப்படாத மின்விசிறி, பயன்படுத்தாத மாதச் சந்தா ஆகியவற்றைக் குழந்தைகளைக் கொண்டு தேடிக் கண்டறியுங்கள். மிஞ்சும் தொகையை அவர்கள் கண்முன்னே தனியே எடுத்து வையுங்கள்.

3. பழுக்க வைத்தல், விதை முளைக்கச் செய்தல், தயிர் உறைய வைத்தல் என, காத்திருந்து பயன்பெறும் ஒரு செயலை வாரந்தோறும் செய்யுங்கள்.

4. சிறு தொகையைக் கொடுத்து முழு உரிமையுடன் செலவிட விடுங்கள். தவறான தேர்வுக்கு ஈடு செய்யாதீர்கள், ஏளனமும் செய்யாதீர்கள்.

5. பணத்தைப் பற்றிக் கவலையுடன் பேச நேரும்போது குழந்தை அருகில் இருந்தால், அன்றிரவு அதற்குப் புரியும் வகையில் உண்மை நிலையை அமைதியாக விளக்குங்கள்.

வாசலில் ஒரு பானை

2024 அக்டோபர் 16 அன்று காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, படிப்படியாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு வரும் நீர் அது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும் அத்திட்டம், மாநகருடன் இணைக்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்கானது. எங்கள் தெருவிற்கும் பின்னர் குழாய் வந்தது. முதல் நாள் நீர் வந்தபோது மகன் குழாயை முழுமையாகத் திறந்து கைதட்டினான். மகள் அதனைச் சற்றே மூடிவிட்டு வாளியை எடுத்து வைத்தாள். இப்போது அவள் அஞ்சவில்லை என்பதை அவள் முகத்திலிருந்து அறிந்தோம்.

கோடையில் வழிப்போக்கருக்கு நீர் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் நம் மக்களின் பழைய வழக்கம். கன்னட நாட்டில் அதனை அரவட்டிகே என்பர். இவ்வேப்ரலில் எங்கள் வாசலிலும் ஒரு மண்பானை வைத்துள்ளோம். காலையில் தெருப் பெருக்கும் பெண்களும், நண்பகலில் பொருள்களைக் கொண்டுவரும் இளைஞர்களும் அதில் நீர் மொண்டு அருந்திச் செல்கின்றனர். நாள்தோறும் பானையைக் கழுவி நிரப்புவது மகளின் பொறுப்பு. இரண்டாண்டுகளுக்கு முன் தம்பிக்கென ஏழு பாட்டில்களை மறைத்து வைத்த அதே கைகள், இன்று அறியாதோருக்கும் நீர் நிரப்பி வைக்கின்றன.

மாலையில் பானையில் எவ்வளவு குறைந்தது என்று அவள் எட்டிப் பார்க்கிறாள். அந்த அளவையும் நாட்காட்டியில் எழுதுகிறாள்.